புதுக் கருத்து என்றாலே இயற்பியல்காரர்கள் ஏன் எரிந்து விழுகிறார்கள்?

கேள்வி: "ஐயா, பிரபஞ்சம் விரிவடையவில்லை, தொலைவிலிருந்து வரும் ஒளிதான் வழியில் களைத்துச் சிவந்துபோகிறது என்று ஆறு வருடம் யோசித்து நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன். நான்கு பேராசிரியர்களுக்கு அனுப்பினேன். இரண்டு பேர் பதிலே போடவில்லை. ஒருவர் 'பள்ளிப் பாடத்தை முதலில் படியுங்கள்' என்றார். இன்னொருவர் சிரிக்கிற பொம்மைப் படம் ஒன்றை மட்டும் அனுப்பினார். ஐன்ஸ்டைனும் ஆபீஸ் உத்தியோகத்தில் இருந்தவர்தானே? ராமானுஜனும் துறைமுகத்தில் கணக்கு எழுதியவர்தானே? வெளியாள் யோசித்தால் இவர்களுக்கு ஏன் இவ்வளவு வெறுப்பு?"

பதில்:

அந்தப் பொம்மைப் படத்தைப் பற்றிப் படித்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நான் முப்பத்தோரு வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். உங்களுடையதைப் போன்ற தபால்கள் வருடத்துக்குப் பத்துப் பதினைந்தாவது வரும். பலவற்றுக்கு நானும் பதில் போட்டதில்லை. ஒருவரை நேரிலேயே அவமானப்படுத்தியும் இருக்கிறேன், அதையும் கீழே சொல்கிறேன். உங்கள் ஒளி களைக்கிற விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். நாற்பது பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் பக்கம். இந்தச் சலிப்பு புதியதல்ல. 1775-லேயே பாரிஸ் அறிவியல் கழகம் ஒரு தீர்மானம் போட்டது. நிற்காமல் தானாக ஓடும் இயந்திரம், வட்டத்தைச் சதுரமாக்குவது, கோணத்தை மூன்றாகப் பிரிப்பது, கனசதுரத்தை இரட்டிப்பது ஆகியவற்றைப் பற்றி யார் எதை அனுப்பினாலும் இனிமேல் பார்ப்பதில்லை என்று. தானாக ஓடும் இயந்திரத்தின் பின்னால் போய்க் குடும்பங்கள் சொத்தழிந்த கதையையும் அதிலேயே காரணமாகக் குறிப்பிட்டார்கள். அந்தக் கழகத்தில் இருந்தவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. அவர்களுக்கே அலுத்துப்போன அளவுக்குத் தபால் வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இன்றைக்கு வரும் தபால்களுக்கு ஒரு சாயல் உண்டு. முதல் பக்கத்தில் ஐன்ஸ்டைன் தவறு செய்துவிட்டார் என்று இருக்கும். இரண்டாம் பக்கத்தில் கலிலியோவுக்கு நடந்தது தனக்கும் நடக்கிறது என்று இருக்கும். எங்காவது சில சொற்கள் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும். கணக்கு இருக்காது, இருந்தாலும் அலகு பொருந்தாது. ஜான் பேயஸ் என்ற அமெரிக்கக் கணித இயற்பியலாளர் இதற்கெல்லாம் மதிப்பெண் போட்டு ஒரு நையாண்டிப் பட்டியலே தயாரித்தார். தன்னைக் கலிலியோவோடு ஒப்பிட்டுக்கொண்டால் 40 புள்ளி, இப்படிப் போகும். எல்லோருக்கும் தொடக்கத்திலேயே ஐந்து புள்ளி கழித்துச் சலுகை வேறு. எங்கள் துறை ஓய்வறையில் அதை வைத்துச் சிரித்திருக்கிறோம். சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கிறவன், கடிதத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு அது எப்படிச் சொல்லியிருக்கிறது என்று மட்டும் பார்க்கப் பழகிவிடுகிறான். எனக்கு அதுதான் நடந்தது.

சரி, நான் அவமானப்படுத்தியவர் கதை. வயர்மேன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர், மஞ்சப்பையில் ஒரு நீளமான நோட்டோடு துறைக்கு வந்தார். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த சமயம். புவியீர்ப்பு என்பது இழுப்பதே இல்லை, தள்ளுவது என்றார். எல்லாத் திசையிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் பாய்ந்துகொண்டே இருக்கின்றன. பூமி ஒரு பக்கத்துத் துகள்களை மறைத்துவிடுகிறது, அதனால் மேலிருந்து வருபவை நம்மைக் கீழே அழுத்துகின்றன. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அழகாக வரைந்திருந்தார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நியூட்டனுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சு போச்சாக்கும்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நோட்டை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று இரவுதான் உறைத்தது. இது லெ சாஜ் கொள்கை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெனீவாவைச் சேர்ந்த லெ சாஜ் இதைத்தான் சொன்னார். அவருக்கும் முன்னால், 1690-இல் ஃபாத்தியோ என்ற சுவிஸ்காரர் இதை லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சபையில் எடுத்து வைத்தார். அந்த ஃபாத்தியோ நியூட்டனின் நெருங்கிய நண்பர். ஆக, நியூட்டனுக்கு இது தெரியும், காது கொடுத்தும் கேட்டிருக்கிறார். நான் எதைச் சொல்லி அந்த மனிதரின் வாயை அடைத்தேனோ அதுவே பொய்.

கொள்கையும் லேசுப்பட்டதல்ல. நிழலின் அளவு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பதால், நியூட்டனின் தலைகீழ் வர்க்க விதி தானாக வந்து விழும். பிறகு ஏன் கைவிட்டார்கள்? இரண்டு காரணம். பூமி விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மழையில் ஸ்கூட்டர் ஓட்டினால் முதுகைவிட முகத்தில்தானே அதிகம் அடிக்கும்? அதுபோலத் துகள்கள் முன்பக்கம் அதிகமாக மோதிப் பூமியின் ஓட்டத்தைத் தடுக்க வேண்டும். அப்படி எந்தத் தடையும் தென்படவில்லை. இன்னொன்று, மோதும் துகள்கள் தங்கள் ஆற்றலைப் பொருளுக்குள் விட்டுத்தானே தள்ள முடியும்? அந்த ஆற்றல் வெப்பமானால் உலகமே சில நொடிகளில் வெண்சூடாகப் பழுத்துவிடும் என்று இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1870-களில் காட்டினார். 1908-இல் பிரெஞ்சுக் கணிதர் புவான்காரேயும் கணக்குப் போட்டு அதே முடிவுக்கு வந்தார்.

மூன்று மாதம் கழித்து அவரை விசாரித்துக் கண்டுபிடித்து வரச் சொன்னேன். முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு இதையெல்லாம் சொன்னேன். வெப்பக் கணக்கு அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. "லோடு தாங்காம வயர் சூடாகிற மாதிரியா சார்?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான். தன் கொள்கை விழுந்துவிட்டதே என்று அவர் வாடவில்லை. இருநூறு வருடத்துக்கு முன்னால் இன்னொருவரும் இதையே யோசித்திருக்கிறார் என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம் ஆனது. இதுதான் பிரச்சினையும்கூட. ஒரு கருத்தை உருவாக்கியவருக்கு ஆறு வருடம் ஆகியிருக்கலாம். அது எங்கே இடிக்கிறது என்று நியாயமாகக் காட்ட எங்களுக்கு நாற்பது நிமிடமோ, சில சமயம் நாலு நாளோ ஆகும். திட்டி அனுப்ப நாலு நொடி போதும். சரிபார்க்கிற பாரத்தை யார் தூக்குவது என்பதில்தான் இந்தச் சண்டை மொத்தமும் இருக்கிறது. கருத்து புதியதா பழையதா என்பதில் அவ்வளவாக இல்லை.

இப்போது நீங்கள் சொன்ன இரண்டு பெயர்கள். ஐன்ஸ்டைன் 1905-இல் பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் மூன்றாம் நிலைத் தொழில்நுட்ப நிபுணர், உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியில் இயற்பியல் படித்து முடித்தவர். 1901 முதல் ஜெர்மனியின் முதன்மையான இயற்பியல் இதழில் கட்டுரைகள் எழுதிவந்தவர். சார்பியல் கட்டுரையும் அதே இதழில்தான் வந்தது. யாரும் அவரைக் கதவைச் சாத்தி வெளியே நிறுத்தவில்லை. அன்றைய பெரிய இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க் உடனே அதை எடுத்துப் பேச ஆரம்பித்தார். அவர் மேல் உண்மையான வெறுப்பு கொட்டியது பிற்பாடு, புகழ் வந்த பிறகு. 1920-இல் பெர்லினில் அவருக்கு எதிராகக் கூட்டம் போட்டார்கள். அதில் இயற்பியலைவிட யூத வெறுப்புதான் அதிகம்.

ராமானுஜன் கதை உங்களுக்குக் கொஞ்சம் சாதகமானது. கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் என்ற இரு கணிதர்களுக்கு எழுதினார், பயன் இல்லை. 1913 ஜனவரியில் அங்கேயே இருந்த இன்னொரு கணிதர் ஹார்டிக்கு எழுதினார். சென்னைத் துறைமுகத்தில் வருடம் 20 பவுண்டு சம்பளத்தில் குமாஸ்தா என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட அந்தக் கடிதத்தை ஹார்டியும் முதலில் சந்தேகத்தோடுதான் பார்த்தார். பிறகு சக கணிதர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து படித்தார். கடிதத்தில் இருந்தவை அபிப்பிராயங்களாக இருந்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். இருந்தவை சூத்திரங்கள். சில ஏற்கெனவே தெரிந்தவை, சிலவற்றைக் கஷ்டப்பட்டு நிரூபிக்க முடிந்தது, சில ஹார்டியையே திணறடித்தன. பகா எண்களைப் பற்றி அவர் சொன்னது தவறு என்றும் பின்னால் தெரிந்தது. எது சரி, எது தவறு என்று படிக்கிறவரே உட்கார்ந்து பார்த்துக்கொள்ள முடிந்தது என்பதுதான் அந்தக் கடிதத்தின் பலம். பேக்கரையும் ஹாப்சனையும் நான் ரொம்பக் குறை சொல்ல மாட்டேன். நானும் பேக்கராக இருந்திருக்கிறேன்.

இவ்வளவு சொல்லிவிட்டதால் இயற்பியல்காரர்கள் கை சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று கதை சொல்கிறேன்.

ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படைப் பயிற்சி மாணவர்களுக்கு வாத்தியார். வாயு என்பது ஓயாமல் ஓடி மோதிக்கொண்டிருக்கும் மூலக்கூறுகளின் கூட்டம், வெப்பநிலை என்பது அவற்றின் இயக்க ஆற்றல் என்று கணக்கோடு எழுதி 1845-இல் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். இன்றைக்குப் பதினோராம் வகுப்புப் பாடம் அது. மதிப்பீட்டாளர் ஒருவர், சுத்த உளறல், சபையில் வாசிக்கக்கூடத் தகுதியில்லை என்று எழுதினார். அன்றைய விதிப்படி கையெழுத்துப் பிரதியைத் திருப்பியும் தரவில்லை. வாட்டர்ஸ்டனிடம் வேறு நகல் இல்லை. 1883-இல் எடின்பரோவில் ஒருநாள் வீட்டை விட்டுக் கிளம்பிப் போனவர் திரும்பவே இல்லை. அந்தக் காகிதக் கட்டை ராயல் சொசைட்டியின் ஆவணக் கிடங்கிலிருந்து இயற்பியலாளர் லார்ட் ரேலி கண்டெடுத்து 1892-இல் அச்சிட்டார். அதற்குள் மேக்ஸ்வெல்லும் போல்ட்ஸ்மனும் அந்த வழியை வேறு பக்கத்திலிருந்து போட்டு முடித்துவிட்டார்கள்.

இரண்டாவது, நட்சத்திரங்களை ஆராய்ந்த சந்திரசேகர். நம் ஆட்களுக்கு ஓரளவு தெரிந்த கதைதான், ஆனால் பாதிதான் சொல்லப்படுகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது அந்தக் கணக்கைத் தொடங்கினார். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் சுருங்கி வெண்குறுமீனாக நிற்பது எலக்ட்ரான்களின் அழுத்தத்தால். நட்சத்திரத்தின் நிறை கூடக்கூட எலக்ட்ரான்களின் வேகம் ஒளி வேகத்தை நெருங்கும். அங்கே சார்பியலைப் பயன்படுத்தினால் அழுத்தம் போதாமல் போகிறது. இன்றைய கணக்கில் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறை இருந்தால் சமநிலையே கிடையாது. ஸ்டோனர், ஆண்டர்சன் என்ற இருவரும் அதே காலத்தில் இந்த எல்லையைத் தொட்டிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1935 ஜனவரி 11, லண்டன், ராயல் வானியல் கழகக் கூட்டம். சந்திரசேகர் பேசி முடித்தார். அடுத்துப் பேச எழுந்தவர் அன்றைய பெரிய வானியலாளர் எடிங்டன். அத்தனை மாதமாகச் சந்திரசேகரின் அறைக்கு வந்து கணக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அக்கறையாக விசாரித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். தான் எழுந்து என்ன பேசப் போகிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அப்படிப் பார்த்தால் அந்த நட்சத்திரம் சுருங்கிச் சுருங்கிச் சில கிலோமீட்டர் அளவுக்கு வந்து, ஒளிகூட வெளியேற முடியாத அளவுக்கு ஈர்ப்பு கூடி, அப்போதுதான் அமைதியடையும் என்றார். இன்று நாம் கருந்துளை என்று சொல்வதை அச்சாக வர்ணித்துவிட்டு, இது அபத்தம், நட்சத்திரம் இப்படி நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஏதாவது விதி இருக்க வேண்டும் என்று முடித்தார். சபை சிரித்தது. கணக்கில் இந்த இடத்தில் பிழை என்று அவர் காட்டவில்லை. சார்பியலை ஆங்கில உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த மனிதர், அதே சார்பியலின் விளைவைப் பார்த்து மூக்கைச் சுளித்தார், அவ்வளவுதான்.

எனக்கு எடிங்டனைவிட மற்றவர்கள் மேல்தான் கோபம். நீல்ஸ் போர், பவுலி போன்ற பெரிய இயற்பியலாளர்கள் தனியாகக் கேட்டால் சந்திரசேகர் சொல்வதுதான் சரி என்றார்கள். வெளியே வந்து சொல்லச் சொன்னால் நழுவினார்கள். சந்திரசேகர் 1937-இல் அமெரிக்கா போனார், அந்த ஆய்வையெல்லாம் ஒரு நூலாக எழுதி முடித்துவிட்டு வேறு துறைக்கு நகர்ந்துவிட்டார். நோபல் பரிசு வந்தது 1983-இல். இதில் இன்னொன்றையும் பாருங்கள். அவருக்குப் பேச மேடை கிடைத்தது. கட்டுரைகள் அச்சாயின. கணக்கு இதழ்களில் இருந்ததால்தான் பின்னால் வந்தவர்களால் எடிங்டன் என்ன சொன்னார் என்பதைத் தள்ளிவிட்டுக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ள முடிந்தது.

மூன்றாவது கதையை அதிகம் பேர் சொல்வதில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. 1925 ஜனவரி, ஜெர்மனியில் டூபிங்கன் ஊர். ரால்ஃப் குரோனிக் என்ற இளைஞனுக்கு 20 வயது. எலக்ட்ரான் பம்பரம்போலத் தன்னைத்தானே சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால் நிறமாலையில் இருக்கும் புதிர்கள் பல விடுபடுமே என்று அவனுக்குத் தோன்றியது. அன்றைக்கே கணக்குப் போட்டும் பார்த்தான். விடை கிட்டத்தட்ட வந்தது, ஒரு இரண்டு மடங்கு வித்தியாசம் மட்டும் இடித்தது. மறுநாள் அந்த ஊருக்கு வந்தார் பவுலி. புத்திசாலித்தனமான யோசனைதான், ஆனால் இயற்கைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டார். கோபன்ஹேகனிலும் யாரும் உற்சாகப்படுத்தவில்லை. குரோனிக் அதை வெளியிடாமலே விட்டுவிட்டார்.

அதே வருடம் இலையுதிர் காலத்தில் ஹாலந்தின் லைடன் நகரில் உஹ்லன்பெக், கௌட்ஸ்மிட் என்ற இரண்டு இளைஞர்களுக்கு அதே யோசனை வந்தது. அவர்களுடைய ஆசிரியர் எரன்ஃபெஸ்ட் சின்னதாக ஒரு குறிப்பு எழுதித் தரச் சொன்னார், பெரியவர் லோரன்ட்ஸிடமும் கேட்கச் சொன்னார். லோரன்ட்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்படிச் சுற்றினால் எலக்ட்ரானின் மேற்பரப்பு ஒளியைவிட வேகமாக ஓட வேண்டியிருக்குமே என்றார். பயந்துபோய் இருவரும் எரன்ஃபெஸ்டிடம் ஓடி, குறிப்பை அனுப்ப வேண்டாம் என்றார்கள். அதை எப்போதோ அனுப்பியாயிற்று, உங்கள் வயதுக்கு ஒரு முட்டாள்தனம் செய்யலாம், பரவாயில்லை என்றார் அவர். அந்த முட்டாள்தனம்தான் எலக்ட்ரான் சுழற்சி. இடித்துக்கொண்டிருந்த இரண்டு மடங்கை 1926-இல் தாமஸ் என்ற இயற்பியலாளர் சரிசெய்தார். லோரன்ட்ஸின் ஆட்சேபமும் தவறல்ல. எலக்ட்ரானை நிஜப் பம்பரமாக நினைத்தால்தான் அந்தச் சிக்கல், அப்படி நினைக்கக் கூடாது என்பது பிறகு புரிந்தது.

(பிற்பாடு பவுலி அந்தக் குரோனிக்கையே சூரிச்சில் தன் உதவியாளராக வைத்துக்கொண்டார். நான் எது சொன்னாலும் காரணம் காட்டி மறுத்துப் பேச வேண்டும், அதுதான் உன் வேலை என்றாராம். ஞானோதயம்.)

இந்தக் கதையை வைத்துக்கொண்டுதான் என் சக ஆசிரியர்களிடம் சண்டை போடுவேன். ஏளனம் யாரைத் தடுக்கிறது? முப்பது வருடமாக ஒரே கொள்கையை எழுதிக்கொண்டிருப்பவரை எந்த ஏளனமும் தடுத்து நான் பார்த்ததில்லை. திட்ட திட்ட, தன்னைக் கண்டு பயப்படுகிறார்கள் என்றுதான் அவர் நினைத்துக்கொள்கிறார், அடுத்த பதிப்பில் பக்கம் கூடிவிடும். ஏளனம் பலிக்கிறதெல்லாம் குரோனிக் மாதிரி ஆட்களிடம். தன் மேல் தனக்கே சந்தேகம் உள்ள, நாகரிகமான, இளவயசுப் பிள்ளைகளிடம். பயிர் காய்ந்து களை செழிக்கிற மருந்து அது. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து யோசிக்கிற பிள்ளை, வயர்மேனுக்கு நான் சொன்ன பதிலைக் கேட்டிருந்தால் அப்புறம் வாயைத் திறந்திருக்குமா?

அதே சமயம், உங்களைப் போன்றவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இயற்பியலில் ஒரு செங்கல்லை உருவினால் பத்து சுவர் ஆடும். சார்பியல் தவறு என்று எனக்கு வந்த கடிதங்கள் எத்தனையோ. செல்போனில் வழி காட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம் பூமியில் இருக்கும் கடிகாரத்தைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ விநாடி முந்தி ஓடுகிறது. ஈர்ப்பு குறைவு என்பதால் 45 முந்துகிறது, வேகமாக ஓடுவதால் 7 பிந்துகிறது, கழித்தால் 38. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டருக்கு மேல் இடம் தப்பிவிடும். சார்பியலை மறுக்கிற எவரும் அந்த 38 தன் கொள்கையில் எப்படி வருகிறது என்று எழுதியனுப்பி நான் பார்த்ததில்லை. பழைய கொள்கை சரியாகச் சொன்ன அத்தனையையும் புதியதும் சொல்ல வேண்டும், அதற்கு மேல்தான் புதிதாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அநியாயமான நிபந்தனை என்று தோன்றும். ஐன்ஸ்டைனுக்கும் இதே நிபந்தனைதான். நியூட்டன் சரியாகச் சொன்ன கோள்களையெல்லாம் தானும் சொல்லிவிட்டு, புதன் கோளின் பாதையில் நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு பாகையை 3600-ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு விகலை) மிச்சமிருந்ததையும் அவர் சொல்லிக் காட்டினார்.

இப்படிச் செய்தால் யாராவது கேட்பார்களா என்றால், கேட்கிறார்கள். இஸ்ரேலைச் சேர்ந்த இயற்பியலாளர் மில்கிரோம் 1983-இல் ஒரு கலகத்தைச் செய்தார். விண்மீன் மண்டலங்களின் ஓரத்து நட்சத்திரங்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுற்றுகின்றன. அதற்குக் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள்தான் காரணம் என்று எல்லோரும் சொல்லும்போது, முடுக்கம் மிகமிகக் குறைவாக இருக்கும் இடத்தில் நியூட்டனின் விதியே மாறுகிறது என்றார். எவ்வளவு குறைவாக என்று ஒரே ஒரு எண்ணும் கொடுத்தார். அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான மண்டலங்களைச் சோதிக்க முடிந்தது. தனித்தனி மண்டலங்களில் வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது, மண்டலக் கொத்துகளில் திணறுகிறது. பெரும்பாலோர் அவரை ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. ஆனால் நாற்பது வருடத்துக்கு மேலாக அவரோடு வாதிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்த வாதத்தில் சூடு உண்டு, கேலியும் அவ்வப்போது உண்டு. பதில் போடாமல் மட்டும் யாரும் விடவில்லை.

பட்டம் இருக்கிறதா என்பது இதில் இரண்டாம் பட்சம். ராபர்ட் எவன்ஸ் என்று ஆஸ்திரேலியாவில் ஒரு பாதிரியார் இருந்தார். தொலைநோக்கியில் வெறும் கண்ணால் பார்த்தே 40-க்கும் மேற்பட்ட சூப்பர்நோவாக்களை, அதாவது வெடித்துச் சிதறும் நட்சத்திரங்களை, கண்டுபிடித்தவர். இன்ன மண்டலத்தில் இன்ன இடத்தில் புதிதாக ஒரு புள்ளி என்பார். யாரும் அவரிடம் சான்றிதழ் கேட்க வேண்டியதில்லை, மறுநாள் இரவு பார்த்தால் தெரிந்துவிடும்.

வாட்டர்ஸ்டன் கட்டுரையை அச்சிட்டபோது ரேலி முன்னுரையில் ஒரு யோசனை சொன்னார். அறிமுகம் இல்லாத இளைஞன் பெரிய கொள்கைகளோடு வருவதற்கு முன், எல்லை குறுகிய, மதிப்பைச் சுலபமாக எடைபோடக்கூடிய சின்ன வேலை ஒன்றைச் செய்து பெயர் வாங்கிக்கொள்வது நல்லது என்று. செத்துப்போன மனிதருக்கு இழைத்த அநீதியைச் சொல்லிக்கொண்டே அவருக்கே புத்தி சொல்வதுபோல இருக்கும், படிக்கும்போது எரிச்சல் வரும். எனக்கும் வந்தது. நடைமுறையில் அதைவிட நல்ல யோசனை எனக்கும் தெரியவில்லை.

இப்போது உங்கள் நாற்பது பக்கம்.

ஒளி களைக்கிறது என்ற எண்ணம் 1929-லேயே ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்ற வானியலாளருக்கு வந்தது. தூரம் கூடக்கூட விண்மீன் மண்டலங்களின் ஒளி அதிகமாகச் சிவப்புப் பக்கம் நகர்கிறது என்று ஹபிள் காட்டிய அதே வருடம். ஸ்விக்கி சாமானியர் அல்ல, கரும்பொருளைப் பற்றி முதலில் பேசியவர்களில் ஒருவர். அதனால் பள்ளிப் பாடத்தைப் படியுங்கள் என்று உங்களுக்கு எழுதியவர் ஸ்விக்கியையும் சேர்த்துத்தான் பள்ளிக்கு அனுப்புகிறார். உங்கள் முதல் பன்னிரண்டு பக்கத்தில் சிவப்புப் பெயர்ச்சி தூரத்தோடு கூடுவதை நீங்கள் கணக்கிட்ட விதம் சரியாக இருக்கிறது. அந்த ஒரு விஷயத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் விரிவடைவதையும் களைப்பதையும் பிரித்தறிய முடியாது என்பதும் உண்மை.

பிரித்தறிய வேறு ஒன்று இருக்கிறது. ஒன்று-ஏ வகை சூப்பர்நோவா ஒன்று பக்கத்தில் வெடித்தால் ஏறக்குறைய 20 நாளில் உச்ச ஒளிக்கு வரும். அதே வகை வெடிப்பு, ஒளியின் அலைநீளம் ஒன்றரை மடங்காக நீண்டு வரும் தூரத்தில் நடந்தால் என்ன ஆகும்? பிரபஞ்சமே விரிவடைகிறது என்றால் அலை மட்டுமல்ல, அடுத்தடுத்து வரும் அலைகளுக்கு இடையிலான நேரமும் ஒன்றரை மடங்காக வேண்டும். உச்சத்துக்கு வர நமக்கு 30 நாள் ஆகும். ஒளி வெறுமனே களைத்துச் சிவக்கிறது என்றால் நிறம் மாறும், நாள் கூடாது. 20 நாளே இருக்க வேண்டும். 1990-களின் நடுவிலிருந்து தொலைநோக்கிகளில் இதை அளந்து வருகிறார்கள். 30 தான் வருகிறது.

உங்கள் 27-ஆம் பக்கத்தில் ஒளி இடையில் உள்ள தூசியோடு மோதி ஆற்றல் இழப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி மோதினால் திசையும் கொஞ்சம் மாறும், தூரத்து மண்டலங்கள் மங்கலாகப் புகைந்து தெரிய வேண்டும். அதைக்கூட இப்போதைக்கு விட்டுவிடுவோம். 28-ஆம் பக்கத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இந்த 30 நாள் உங்கள் கொள்கையில் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும், அலகுகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வந்தால் அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன். வராவிட்டாலும் அனுப்புங்கள்.